மென்பொருள் புதிது, எண்கள் சரியா?

நம் குடும்பங்கள் அச்சகத்துக்குக் கொண்டுபோகும் வேலைகள் பெரும்பாலும் மூன்று: திருமணப் பத்திரிகை, சங்கத்தின் ஆண்டுக் கணக்கு, உறுப்பினர் முகவரிப் புத்தகம். இவற்றில் எழுத்துப்பிழை வந்தால் படிப்பவர் ஊகித்துக் கொள்வார். எண்ணில் பிழை வந்தால் ஊகிக்க வழியில்லை. முகூர்த்த நாள் மாறினால் உறவினர் மண்டபத்தின் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள்.

சித்தூர், திருப்பதி டி.டி.பி. நிலையங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தாளில் கோக்கப்படுகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதில் யூனிகோடு கிடையாது. இன்டிசைன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளை ஏற்றுக்கொண்டது. ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு மாறுவது தவிர்க்க முடியாதது. மாறும்போது எண்களில் வரும் கோளாறுகளையும், அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் இங்கே பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை. கணிப்பொறியில் எண் என்பது வேறு, அதன் தோற்றம் வேறு. தோற்றம் மட்டும் மாறியிருந்தால் அமைப்பைத் திருத்தினால் போதும். எண்ணே மாறியிருந்தால் மூலத்தாளைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். எந்தக் கோளாறு வந்தாலும் இது இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள்.

இலட்சம் போய் மில்லியன் வருவது

12,34,567 என்று இருந்த தொகை 1,234,567 என்று தெரிகிறதா? பயப்பட வேண்டாம், தொகை மாறவில்லை. கணிப்பொறியில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று நின்றுவிட்டால், எக்ஸெல் அதையே பின்பற்றி மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதிக்குப் போய், எண்களுக்கான கூடுதல் அமைப்பில் 12,34,56,789 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்பு எக்ஸெலை மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஏற்கெனவே பக்கத்தில் ஒட்டிய அட்டவணை தானாக மாறாது. அதை மறுபடி கொண்டுவர வேண்டும்.

நாளும் மாதமும் இடம் மாறுவது

இதுதான் ஆபத்தானது. இதே அமெரிக்க அமைப்பில் 4/7 என்று அடித்தால் கணிப்பொறி அதை ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொள்ளும். நாம் நினைத்தது ஜூலை 4. இங்கே மாறுவது தோற்றம் அன்று, எண்ணே. நாள் 12-க்கு மேல் இருந்தால் மாதமாகக் கொள்ள முடியாமல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். எக்ஸெலில் சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் கோளாறு நேர்ந்திருக்கிறது என்று கொள்க. தீர்வு எளிது: மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள். பத்திரிகையில் கிழமையையும் சேர்த்துப் போட்டால் தவறு உடனே கண்ணில் படும்.

சுழியம் காணாமல் போவது

முகவரிப் புத்தகத்தில் திருப்பதியின் தொலைபேசிக் குறியீடு 0877 என்பது 877 ஆகவும், சித்தூரின் 08572 என்பது 8572 ஆகவும் சுருங்குவதுண்டு. எண்ணுக்கு முன்னால் வரும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று மென்பொருள் நீக்கிவிடுகிறது. அதேபோல் 517501 என்ற அஞ்சல் குறியீட்டில் காற்புள்ளி புகுந்து 5,17,501 என்று தொகைபோல் நிற்கும். வங்கிக் கணக்கு எண்ணில் இன்னும் மோசம்: எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் காக்கும், அதற்கு மேல் உள்ளவை சுழியமாகிவிடும், திரும்ப வராது. கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்களை அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுவதே வழி.

காற்புள்ளி 'இ' ஆவது

1இ50இ000 என்று அச்சான தொகையைச் சிலர் பார்த்திருக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது. சாய்கோட்டு விசையில் 'ஃ' இருக்கிறது. எக்ஸெலிலிருந்து எடுத்த 1,50,000-ஐ அந்த எழுத்துருவில் ஒட்டினால் காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகும். 12/5 என்பது 12ஃ5 ஆகும். பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். எண்களையும் ஆங்கில எழுத்துருவில் உள்ளவற்றையும் தொடாமல் விடுங்கள்.

ரூபாய்க் குறி

₹ குறியை அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடிலும் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்த சில எழுத்துருக்கள், விசைப்பலகையின் இடது மேல் மூலையிலுள்ள ` குறியின் இடத்தில் ரூபாயை வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ₹500 என்பது `500 என்றே தெரியும். தேடி மாற்றும் வசதியால் ` குறி எல்லாவற்றையும் ₹ ஆக்கிவிடலாம். ஐயமிருந்தால் 'ரூ.' என்று போடுங்கள். அது எந்த எழுத்துருவிலும் கெடாது.

தமிழ் எண்கள்

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தேவஸ்தானம் அவற்றை 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அத்தகைய பழைய பாடங்களை மலருக்காகக் கோப்பவர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும்.

ஒன்று, பழைய முறையில் 12 என்பது ௰௨. சுழியம் இல்லாத முறை அது. இன்றைய இடமதிப்பு முறையில் ௧௨. தமிழ்ச் சுழியம் ௦ யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முற்பட்ட எழுத்துருவில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தோன்றலாம். புதிய எழுத்துரு போட்டால் தீரும். பின்னக் குறிகள் 2019-இல்தான் சேர்ந்தன. அவற்றைக் காட்டும் எழுத்துரு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இரண்டு, ௧ என்னும் எண்ணும் க என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு. ௨-உ, ௭-எ, ௮-அ ஆகியவையும் அப்படியே. எண்ணுக்குப் பதிலாக எழுத்தை அடித்த பழைய கோப்பில், எண்ணைத் தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினாலும் தாறுமாறாகும்.

அச்சுக்கு அனுப்புமுன்

பழைய கோப்பின் ஒரு படியை மாற்றாமல் தனியே வையுங்கள். மேம்படுத்துவதற்கு முன் பழைய மென்பொருளிலேயே ஒரு தாள் அச்செடுத்துக்கொள்ளுங்கள். புதியதோடு ஒப்பிட அதுவே சான்று. புரூஃப் பார்க்கும்போது எழுத்துக்கு ஒரு முறை, எண்ணுக்குத் தனியாக ஒரு முறை பாருங்கள். ஒருவர் மூலத்தாளை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சைப் பார்ப்பது நல்லது. கணக்கு அட்டவணையில் கூட்டுத்தொகையைக் கையால் ஒரு முறை கூட்டிச் சரிபாருங்கள்.

முகவரிப் புத்தகத்தை மறுபடி அச்சிடுவோர் மற்றொன்றையும் கவனிக்க: 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். பழைய பட்டியலில் 'சித்தூர் மாவட்டம்' என்றிருக்கும் திருப்பதி முகவரிகளையும் இதே கையோடு திருத்திவிடலாம்.