ஒரு மெழுகுதிரிக்கு எத்தனை மின்மினி?

சென்ற மாரிக்கு முன்பு ஓரிரவு எங்கள் ஊரில் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. பின்வளவுக்குப் போன தம்பி, ஜாம் போத்தலுக்குள் ஒரு மின்மினியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "ராத்தா, இது எத்தனை வோட்?" என்று கேட்டான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

முதலில் கேள்வியையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு மின்குமிழ் ஒரு செக்கனில் எவ்வளவு சக்தியை எடுக்கிறது என்பதையே வோட் சொல்கிறது. பழைய இழைக் குமிழ் 60 வோட் எடுத்துத் தந்த வெளிச்சத்தை இன்றைய எல்.ஈ.டி. குமிழ் ஏறக்குறைய 9 வோட்டிலேயே தந்துவிடுகிறது. ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு கண்டெலா. சாதாரண மெழுகுதிரி ஒன்றின் ஒளி ஏறக்குறைய 1 கண்டெலா ஆகும்.

மின்மினி ஒரு வகை வண்டு. அதன் வயிற்றின் நுனியில் லூசிபெரின் என்ற பொருள், லூசிபெரேஸ் என்ற நொதியத்தின் உதவியோடு ஒட்சிசனுடன் தாக்கமடையும்போது ஒளி பிறக்கிறது. அதற்கு வேண்டிய சக்தியை ஏ.ரி.பி. கொடுக்கிறது. இத்தாக்கத்தில் 100 லூசிபெரின் மூலக்கூறுகளுக்கு 88 ஒளித்துணிக்கைகள் வெளிவருகின்றன என்று 1960இல் அளந்து சொன்னார்கள். 2008இல் யப்பானிய ஆய்வாளர்கள் மீண்டும் அளந்தபோது அது 41 ஆகக் குறைந்தது. மின்மினி மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

அதன் பிரகாசத்தையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பௌதிகவியலாளர் வில்லியம் கோப்ளென்ற்ஸ் 1912இல் அந்நாட்டு மின்மினி இனமொன்றை ஆராய்ந்து, அதன் ஒரு மின்னல் மெழுகுதிரியின் 1/400 முதல் 1/50 வரை இருப்பதாக எழுதினார். எங்கள் வளவு மின்மினி வேறு இனமாக இருக்கலாம். ஆகவே நாங்களே அளந்து பார்த்தோம்.

எங்கள் ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்புக்குப் பெயர் தந்த அதே ரொபேட் பன்சனின் எண்ணெய்ப் பொட்டு முறையே இதற்கு உதவியது. வெள்ளைக் கடதாசியொன்றின் நடுவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மெழுகுதிரி, மறுபக்கம் மின்மினி. இரு பக்கமும் சம வெளிச்சம் விழும்போது பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்ற நேர்மாறு வர்க்க விதியைக் கொண்டு மிகுதியைக் கணக்கிடலாம்.

இருட்டறையில் மெழுகுதிரியை 100 சென்ரிமீற்றரில் வைத்தோம். மின்மினியின் போத்தலை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தோம். மின்னல் நொடிப்பொழுதே இருந்தது, இரண்டு ஒளிகளின் நிறமும் வேறு. ஆகவே பல தடவை பார்க்க வேண்டியிருந்தது. 4 சென்ரிமீற்றர் அளவில் பொட்டு மறைந்தது. 100ஐ 4ஆல் வகுத்தால் 25. 25இன் வர்க்கம் 625. தம்பிக்கு விடை கிடைத்துவிட்டது: ஒரு மெழுகுதிரிக்கு ஏறக்குறைய 625 மின்மினி!

பிறகு கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியைத் திறந்து, ஒரு மீற்றருக்கு அப்பால் இருந்த மின்மினிக்குக் காட்டினேன். பூச்சியம் என்றது. மின்சாரம் வந்ததும் அதே கைபேசியைப் பின்வேலியருகே கொண்டுபோனேன். அங்கே எங்கள் வீட்டு விளக்கின் வெளிச்சம் 4 லக்ஸ்.

அந்த எண்தான் என்னை யோசிக்க வைத்தது. மின்மினி மின்னுவது தன் இணையை அழைப்பதற்காக. 2 மீற்றர் தூரத்தில் இருக்கும் இணைக்கு அதன் ஒளி 0.0004 லக்ஸ் அளவே போய்ச் சேரும். எங்கள் விளக்கு அதைவிடப் பத்தாயிரம் மடங்கு! சந்தை இரைச்சலில் காதோடு பேசுவது போலத்தான்.

அந்த விளக்கை வாப்பா எனக்காகவே பூட்டினார். மாலை வகுப்பு முடிந்து நான் பின்வழியால்தான் வருவேன். அங்கே ஒருமுறை பாம்பும் கண்டிருக்கிறோம். அணைக்கச் சொன்னால் உம்மா விடமாட்டார். கணக்கை வாப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கட பூச்சிக்காக உங்களைப் பாம்புக்குக் குடுக்கேலாது மகள்" என்றார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சுவிட்சைப் படலையருகே மாற்றினார். குமிழுக்கு மேலே தகர மூடியொன்றும் போட்டார். இப்போது நான் வரும்போது எரியும், உள்ளே போனதும் அணையும். வேலியருகே கைபேசி பூச்சியம் காட்டுகிறது.

இரண்டு கிழமைக்குப் பின் வேலியில் ஐந்து மின்மினிகளை எண்ணினோம். முன்பு ஒன்றிரண்டுதான். இடையில் மழையும் பெய்ததால், விளக்குத்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தொடர்ந்து எண்ணி வருகிறோம்.

நீங்களும் அளந்து பாருங்கள். போத்தல் மூடியில் துளையிட்டு, ஈரமான இலையொன்றை உள்ளே வையுங்கள். அளந்து முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு அந்த இரவில் அழைக்க வேண்டிய இணை காத்திருக்கும்.