வயற்காவல் வாடியில் இராத்தங்குவோர் கவனத்திற்கு

கமக்காரர்களே!

பெரும்போக நெல் குடலைப் பருவத்தை அடைந்த நாள் முதல் அறுவடை முடியும்வரை, காட்டோரக் காணிகளில் இராக்காவல் இன்றியமையாததாகும். ஓரிரவு காவல் தவறினும் யானையும் பன்றியும் ஒரு போகத்து உழைப்பை அழித்துவிடும். ஆயினும், பயிரைக் காக்கச் சென்றவர் தம் உயிரை இழப்பாராயின் அவ்விளைவினால் அவருடைய குடும்பத்திற்குப் பயன் யாது? ஆகவே கீழ்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. வாடி அமைக்கும் இடம்

நீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தெரிவு செய்க. யானைகள் குளத்திற்குச் செல்லும் வழியில் வாடி அமைத்தலாகாது. சுற்றிலுமுள்ள பற்றைகளை வெட்டித் துப்புரவாக்குக. நெல்லையும் எஞ்சிய உணவையும் வாடியினுள் திறந்து வைத்தலாகாது. அவற்றை நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும். இடிமுழக்கம் கேட்டால் வாடியும் மரப்பரணும் பாதுகாப்பல்ல. உடனே கல்வீடொன்றை அடைக.

2. படுக்கை

எண்ணெய் விரியன் எனவும் கட்டுவிரியன் எனவும் வழங்கும் பாம்பு இரவிலே இரை தேடுவது. தரையிற் படுத்துறங்குவோரையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடிவாயில் நோவும் வீக்கமும் மிகக் குறைவாதலால், தீண்டப்பட்டவர் அதனை அறியாமலே உறங்குவதுண்டு. பின்னர் வயிற்றுவலி உண்டாகி, கண்ணிமை தாழ்ந்து, மூச்சுத் தடைப்படும். ஆதலால் தரையிற் பாய் விரித்துப் படுத்தலாகாது. கால் நாட்டிய பரண்மேற் படுத்து, நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழே செருகிவிடுக. வலை நுளம்பைத் தடுப்பதோடு பாம்பையும் தடுக்கும்.

3. இரவில் நடத்தல்

கண்ணாடி விரியன் வரம்புகளிலும் வைக்கோலிலும் அசையாது கிடக்கும். சப்பாத்து அணிந்து, மின்சூள் வெளிச்சத்தில் அடி வைக்குமிடத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

4. யானை வந்தால்

தனியே காவல் இருத்தல் நன்றன்று. அயற் கமக்காரருடன் முறை வைத்துக் காவல் செய்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து வருக. யானையை அண்மித்து விரட்ட முயலாதீர். மதுவருந்திக் காவல் இராதீர். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் இணைப்பது சட்டவிரோதமானது. அது அயலவரையும் உங்கள் பிள்ளைகளையுமே கொல்லும்.

5. பாம்பு தீண்டினால்

கயிற்றினால் இறுகக் கட்டாதீர்; கடிவாயை வெட்டாதீர்; உறிஞ்சாதீர். தீண்டிய உறுப்பை அசையாது வைத்து, நோயாளியை நடக்கவிடாது, காலந்தாழ்த்தாமல் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. விஷமுறி மருந்து அங்கேயே கிடைக்கும். 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். காரணந் தெரியாத வயிற்றுவலியோடு அதிகாலையில் விழித்தவரையும் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புக.

6. எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், காலிலுள்ள புண் வழியாக இந்நோயைப் பரப்பும். வயலில் இறங்குமுன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்டறிக. வாய்க்கால் நீரைக் கொதிக்க வைத்தன்றிப் பருகாதீர். காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயலில் வேலை செய்ததை வைத்தியருக்குத் தவறாமற் கூறுக.

இவற்றிற்கு வேண்டியன நான்கு கம்புகள், ஒரு வலை, ஒரு மின்சூள், ஓர் அயலவர் துணை ஆகியனவே. காவலுக்குப் புறப்படுமுன் எவ்வாடியில் தங்குகின்றீர் என்பதை வீட்டாருக்குச் சொல்லிச் செல்க.