உப்பு போடு! உப்பை எடு!

பேரன் பாரிசில் பிறந்தவன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறான். பாட்டி பிரம்மதேசத்துக்காரி. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள்.

சாப்பாட்டு நேரம். பையன் குழம்பை ருசி பார்த்தான்.

“த்யு செல்!” என்று கேட்டான்.

பாட்டி திருதிருவென்று விழித்தாள். ஊறுகாயைக் கொண்டு வந்து வைத்தாள். அப்பளத்தைக் கொண்டு வந்து வைத்தாள். பையன் தலையை ஆட்டினான்.

அவன் கேட்டது என்ன தெரியுமா? உப்பு! உப்பு விளையும் சீமையிலே, உப்புக் கேட்ட பிள்ளைக்கு உப்புக் கிடைக்கவில்லை!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு.

எப்படி வந்தது?

மரக்காணத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய 35 கிலோ மீட்டர் தூரத்தில் புதுச்சேரி இருக்கிறது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்து, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இணைந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுத்தது. பல தமிழ்க் குடும்பங்கள் அப்படியே செய்தன. அவர்களில் பலர் பிரான்சிலே குடியேறினார்கள்.

ஆகவே, பிரெஞ்சு படிப்பவர்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறார்கள். 1889-ல் தொடங்கிய ‘அலியான்ஸ் பிரான்சேஸ்’ நிலையம் இன்றும் அங்கே பிரெஞ்சு கற்றுக் கொடுக்கிறது. விடுதியில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த மொழி உதவுகிறது.

படிக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்துவது பெரிய சொற்கள் அல்ல. த்யு, லெ, லா, ஓ என்ற பொடிச் சொற்கள்தான்!

ஒரு சின்ன ‘ஐ’

பிரெஞ்சில் உப்புக்கு ‘செல்’ என்று பெயர். ஆனால் வாக்கியத்தில் ‘செல்’ என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் பொருந்தாது. முன்னால் ஒரு பொடிச் சொல் வேண்டும்.

குழம்பிலே கொஞ்சம் உப்புப் போட வேண்டுமா? ‘த்யு செல்’.

மேசை மீது இருக்கும் அந்த உப்பை எடுத்துக் கொடுக்க வேண்டுமா? ‘லெ செல்’.

“இதென்ன வேடிக்கை, தமிழில் இப்படி இல்லையே!” என்கிறீர்களா? இருக்கிறது! நம் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள்.

“குழம்பிலே உப்பு போடு” என்கிறோம். “அந்த உப்பை எடு” என்கிறோம். முதலாவது, ஏதோ கொஞ்சம் உப்பு. இரண்டாவது, இன்ன உப்பு என்று இருவருக்கும் தெரிந்த உப்பு. பிரெஞ்சுக்காரர் முன்னால் ஒரு சொல்லைப் போட்டுக் காட்டுவதை, நாம் பின்னால் ஒரு ‘ஐ’ போட்டுக் காட்டுகிறோம்!

எல்லா இடத்திலும் இது செல்லாது. “எனக்கு மீன் பிடிக்கும்” என்று நாம் ‘ஐ’ இல்லாமல் சொல்வோம். பிரெஞ்சுக்காரரோ அங்கே ‘லெ’ போடுவார். மீன் என்றால் மீன் இனம் முழுவதும் அவருக்குப் பிடிக்குமாம்! ஆனாலும் படிக்கத் தொடங்குகிறவருக்கு ‘ஐ’ நல்ல கைப்பிடி.

உப்பு ஆண்; சூப் பெண்!

தமிழில் உப்பும் சூப்பும் அஃறிணை. பிரெஞ்சில் அஃறிணை கிடையாது. எல்லாப் பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. உப்பு ஆண், அதனால் ‘த்யு செல்’. சூப் பெண், அதனால் ‘தெ லா சூப்’. தண்ணீர் உயிரெழுத்தில் தொடங்கும் சொல். அதனால் ‘தெ லோ’. இறால் போலப் பலவாக இருந்தால் ‘தே’.

வீட்டில் உப்பே இல்லையா? அப்போது ‘த்யு’ போய்விடும். ‘பா தெ செல்’ என்று ‘தெ’ மட்டும் நிற்கும். ஒரு கிலோ உப்பு என்றாலும் ‘தெ’ மட்டும்தான்.

ஒட்டிக்கொள்ளும் சொற்கள்

‘மரம்’, ‘கிளை’ இரண்டையும் சேர்த்து ‘மரம்கிளை’ என்று நாம் எழுதுவதில்லை. ‘மரக்கிளை’ என்கிறோம். பிரெஞ்சிலும் அப்படிச் சில உண்டு.

‘தெ’யும் ‘லெ’யும் சேர்ந்தால் ‘த்யு’. ‘தெ’யும் ‘லே’யும் சேர்ந்தால் ‘தே’. ‘ஆ’வும் ‘லெ’யும் சேர்ந்தால் ‘ஓ’. சந்தைக்குப் போகிறேன் என்றால் ‘ஆ லெ மார்ஷே’ அல்ல, ‘ஓ மார்ஷே’. இது அவசரப் பேச்சு அல்ல. எழுதும்போதும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் பெண்பால் ‘லா’ ஒட்டாது. தனியே நிற்கும்.

புதுச்சேரிக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடற்கரை அருகே 1855-ல் கட்டிய மாதா கோயிலின் பெயர் ‘நோத்ர் தாம் தே சான்ழ்’. வானதூதர்களின் அன்னை என்று பொருள். அந்தத் ‘தே’, ஒட்டிய சொல். ‘ரூ தெ லா மரீன்’ என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே ‘தெ’யும் ‘லா’வும் ஒட்டவில்லை!

பாட்டியும் பேரனும்

மறுபடி பாட்டி வீட்டுக்கு வருவோம். பேரன் கேட்ட ‘த்யு செல்’ என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். பாட்டிக்கும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

பையனும் சும்மா இருக்கக்கூடாது. ‘உப்பு’ எப்போது, ‘உப்பை’ எப்போது என்று அவன் பாட்டியிடம் கற்றுக்கொள்ள வேண்டும். நமக்குத் ‘த்யு’ எப்படியோ, அவனுக்கு நம் ‘ஐ’ அப்படி!

ஆளுக்கு ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். அடுத்த விடுமுறைக்குக் குழம்பில் உப்புக் குறையாது. வீட்டில் பேச்சும் குறையாது.