நடந்தும் இளைக்காத உடம்பு

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அதில் ஐம்பதை ஒட்டிய பெண்கள் கணிசம். சுடிதார், ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் செல்போன், அதில் ஏறிக்கொண்டே இருக்கும் காலடிக் கணக்கு. பேச்சுக் கொடுத்தால் முதலில் மருமகள் வருகிறார், அடுத்து எடை வருகிறது.

"அரிசியத் தொட்டு ரெண்டு வருசமாச்சுங்க. ராத்திரிக்கு ஒரே ஒரு சப்பாத்தி. தெனமும் ஒரு மணி நேரம் நடக்கறேன். தீட்டு நின்னப்ப ஏறுன எட்டுக் கிலோ அப்படியேதான் நிக்குது" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கூட வந்த தோழி குறுக்கிட்டார்: "எனக்கு ரெண்டு கிலோ எறங்குச்சுக்கா. ஆனா வயிறு வயிறாட்டமேதான் இருக்குது. கையும் காலும்தான் சூம்பிப் போச்சு."

எட்டுக் கிலோ இறங்காததைவிட, அந்தத் தோழிக்கு இறங்கிய இரண்டு கிலோதான் கவலைக்குரியது.

"வயசானா மெட்டபாலிசம் படுத்துரும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை மறுத்தது. 29 நாடுகளில், பிறந்து எட்டே நாளான சிசு முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் அதிகமானவர்களை அளந்து பார்த்தார்கள். உடலின் அளவையும் அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தால், இருபதிலிருந்து அறுபது வயதுவரை உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. மாதவிடாய் நின்றவுடன் அது சரிந்து விழவும் இல்லை. தசையைக் கணக்கில் சேர்த்தால் என்பதுதான் இதில் நிபந்தனை. தசையே கரைந்துபோன உடம்பு பழையபடி எரிக்காது.

அந்தக் கரைதல் எப்போது நடக்கிறது என்பதை அமெரிக்காவின் 'ஸ்வான்' ஆய்வு காட்டியது. 1996-ல் தொடங்கி, நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு அது. 2019-ல் வந்த அதன் முடிவு இது: மாதவிலக்கு முறை தவறத் தொடங்குவதிலிருந்து, முழுவதுமாக நின்று இரண்டு ஆண்டு ஆகும்வரை, கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே காலத்தில் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதி குறையத் தொடங்குகிறது. ஆனால் மொத்த எடை ஏறும் வேகத்தில் திடீர்த் தாவல் எதுவும் இல்லை. ஒன்று கூடி மற்றொன்று குறைவதால் எடை பார்க்கும் மெஷினுக்கு எதுவும் தெரிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதால், ஜாக்கெட்டுக்கும் பேன்ட்டுக்கும் மட்டும் தெரிகிறது.

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேற்கத்திய நாடுகளில் 51. ஆகவே நம் பெண்களுக்கு இந்தத் தேய்மானம் நாலைந்து ஆண்டு முன்னதாகவே ஆரம்பித்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். அந்தக் கணக்கு 15 முதல் 49 வயதுவரைதான். ரேஸ்கோர்ஸைச் சுற்றிவரும் இந்தப் பெண்களில் பலர் அதற்குள் வரவே மாட்டார்கள்.

நடப்பதைக் குறை சொல்ல முடியாது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது நல்லது. ஆனால் தினமும் நடந்து பழகிய உடம்பில் நடையால் தசை வளராது. சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு நடக்க மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. உடற்பருமன் உள்ள 65 வயது தாண்டிய ஆண்களும் பெண்களும் அதில் கலந்துகொண்டார்கள். உடற்பயிற்சியோடு உணவைக் குறைத்த குழுக்கள் எல்லாவற்றிலும் எடை ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைந்தது. ஆனால் நடை, சைக்கிள் போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பில்லாத பகுதியில் ஐந்து சதவீதத்தை இழந்தார்கள். எடைப்பயிற்சி செய்தவர்களுக்கு இழப்பு இரண்டு சதவீதம்தான்.

"ட்ரெட்மில்ல ஏறுனா எறங்க மாட்டாங்க. தம்பெல்ஸ் கிட்டக் கூட்டிட்டுப் போனா, ஆம்பள மாதிரி ஆயிருவனான்னு கேப்பாங்க" என்கிறார் சாயிபாபா காலனியில் பெண்களுக்குப் பயிற்சி தரும் ஒருவர். "அத்தை, பேரன் பன்னெண்டு கிலோ இருக்கான். அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுறீங்க. இது ரெண்டு கிலோதான்னு சொல்லி ஆரம்பிச்சு வைப்பேன்." ஆண்களைப் போலத் தசை புடைப்பதற்கான ஹார்மோன் பெண்களிடம் அந்த அளவில் கிடையாது, அந்தப் பயம் வீண். ஆஸ்திரேலியாவில், எலும்பு மெலிந்த 58 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாரம் இருமுறை அரைமணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடையைத் தூக்கவைத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது.

ஜிம் வேண்டாம் என்பவர்களுக்குக் கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அறுபது வயது தொட்ட பெண்ணால் பன்னிரண்டு முறைகூட எழ முடியவில்லை என்றால் கால் வலு குறைவு என்று பொருள். ஐம்பதிலேயே திணறுகிறவர்கள், இடுப்புச் சுற்றளவை மறந்துவிட்டு முதலில் இதைக் கவனிக்கலாம். மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

எடையைக் குறைத்தாலே முட்டிவலியும் சர்க்கரையும் அடங்கும், தசையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. தைராய்டு, இரவில் வியர்த்துக் கெடும் தூக்கம், சில மாத்திரைகள் ஆகியவையும் எடை இறங்காததற்குக் காரணமாகலாம், பரிசோதித்துக்கொள்ள வேண்டியவைதான். ஹார்மோன் சிகிச்சை உடம்பு தகிப்பதைத் தணிக்கும். அது எடை குறைக்கும் மருந்தல்ல.

ஆனால் விசாரித்த வீடுகளில் எல்லாம் என்னை உறுத்தியது சாப்பாட்டுத் தட்டு. 'டயட்' என்ற பெயரில் இந்தப் பெண்கள் ஒரு நாள் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி, சட்னி, தெளிவாக ஊற்றிய சாம்பார். மதியம் ஒரு கிண்ணம் சாமைச் சோறு, பொரியல், மோர். இரண்டு காபி. இரவில் சப்பாத்தி, அல்லது வெறும் பப்பாளி. புரதம் 30 கிராமைத் தொட்டால் அதிசயம். ஐசிஎம்ஆர் பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 65 கிலோ பெண்ணுக்கு 54 கிராம் வருகிறது. வயது ஏற ஏற, கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே தேவை என்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள் பலர். அரிசியை விட்டார்கள், எண்ணெயை விட்டார்கள். அந்த இடத்தில் பருப்போ முட்டையோ மீனோ வந்து உட்காரவில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் ஏன் இதற்கு இவ்வளவு தயங்குகிறார்கள்?

அது தயக்கம்கூட இல்லை, பழக்கம். நாமக்கல் முட்டை எளிதில் கிடைக்கும் ஊரில், வேகவைத்த முட்டை பேத்திக்கும் மகனுக்கும் போகிறது. குழம்பு மீனில் நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, தலை அவருடைய அம்மாவுக்கு. இவர்கள் கடைசியில் உட்காரும்போது சட்டியில் சாறுதான் இருக்கிறது. சாற்றைக் குடித்துவிட்டு டயட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சிங்காநல்லூரில் சந்தித்த 54 வயதுப் பெண், உடம்பு இளைக்கக் கொள்ளு நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் அதை வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவந்தார். வெந்த கொள்ளைக் கடைந்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டது மற்றவர்கள். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அதில் பெரும்பகுதி கடைசலில் நிற்கிறது, தண்ணீரில் இல்லை. பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் அவருக்கு இது விளங்கியது. இப்போது எப்படி என்று கேட்டேன்.

"கடைஞ்சதும் மொதல்ல எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சர்றேன் கண்ணு. அப்பறந்தான் மேசைக்குப் போவுது."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா?

"சொல்லாம என்ன, எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வெய்யின்னு சொல்லிப்போட்டாங்க."