சிறையிலிருந்து வந்த கேள்வி

திருவருகைக் காலம் 3-ஆம் ஞாயிறு: வானொலி மறையுரை
(எசா 35:1-6,10, யாக் 5:7-10, மத் 11:2-11)



இன்று நம் ஆலயங்களில் இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. இது மகிழ்ச்சியின் ஞாயிறு. ஆனால் இதே நாள்களில்தான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் நடக்கிறது. விடைத்தாள் கட்டுகளை வீட்டில் வைத்துவிட்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஜூன் மாதத்திலிருந்து தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தும், தாளைத் திருப்பினால் பாதி பக்கம் வெறுமையாக இருக்கிறது. "நான் செய்வதில் ஏதாவது பலன் உண்டா?" என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுகிறது. இன்றைய நற்செய்தி அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

திருமுழுக்கு யோவானும் ஓர் ஆசிரியரே. அவருக்குச் சீடர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இறைவேண்டல் செய்யக் கற்றுக்கொடுத்தார் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது (11:1). ஏரோதின் தவற்றை முகத்துக்கு நேராகச் சொன்னதால் இப்போது சிறையில் கிடக்கிறார். அது சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருசு கோட்டை என்பது யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தரும் செய்தி. அங்கிருந்து தம் சீடர்களை இயேசுவிடம் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தாமா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

யோவானுக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. வரப்போகிறவர் கோடரியோடும் சுளகோடும் வருவார், பதரை நெருப்பில் எரிப்பார் என்று அவர் பறைசாற்றியிருந்தார். வந்தவரோ வரிதண்டுவோரோடு பந்தியில் அமர்ந்திருந்தார். எதிர்பார்ப்பு பொய்த்தது. ஆனாலும் யோவான் இயேசுவை விட்டு விலகவில்லை. தம் ஐயத்தை அவரிடமே கொண்டுபோனார். இதுதான் எதிர்நோக்கு.

எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு. இன்ன நாளில் இன்ன விளைவு வரவேண்டும் என்று நாம் கணக்குப் போடுவது எதிர்பார்ப்பு. பள்ளியில் அதற்குத் தேர்ச்சி விழுக்காடு என்று பெயர். எதிர்நோக்கு, வருகிற ஆளைப் பார்த்து நிற்பது. புனித பவுல் நம்பிக்கை, அன்பு ஆகியவற்றோடு வைத்து எண்ணுவது இதைத்தான். எதிர்பார்ப்பு முறிந்தாலும் எதிர்நோக்கு நிலைத்து நிற்க முடியும்.

இதை நான் ஒரு ஆசிரியையிடம்தான் கற்றேன். பங்குப் பள்ளி ஒன்றில் பொறுப்பிலிருந்த காலம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வில் நான்கு பாடங்களில் தோற்றான். "நீ தேறமாட்டாய்" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அந்த ஆசிரியை வாரம் தவறாமல் அவன் வீட்டுக்குப் போனார். மூன்றாவது வாரம் அவன் திரும்பி வந்தான். பொதுத் தேர்வில் மறுபடி இரண்டு பாடங்களில் தோற்றான். அப்போதும் அவர் போவதை நிறுத்தவில்லை. "ஏன் டீச்சர் இன்னும் அலையறீங்க?" என்று கேட்டேன். "மார்க் எடுப்பான்னு போகல, ஃபாதர். அவன் நம்ம பையன், அதனாலதான் போறேன்" என்றார். எனக்கு அவனிடம் எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது. அது முடிந்ததும் அவனையும் முடித்துவிட்டேன். அவன் பிறகு துணைத் தேர்வு எழுதித் தேறினான். ஆனால் அவன் தேறாமலிருந்தாலும் அந்த ஆசிரியை செய்தது சரியே.

இயேசு யோவானுக்கு என்ன பதில் தந்தார்? கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். பார்வையற்றவர் பார்க்கிறார், கால் ஊனமுற்றவர் நடக்கிறார், ஏழைக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. எசாயா கண்ட கனவு சிறிது சிறிதாக நடந்துகொண்டிருக்கிறது. சிறைக்கதவு திறக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நம் துன்பம் தீரும் முன்னரே கடவுளின் வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் அந்தப் பதில்.

யாக்கோபு பயிரிடுபவரைப் பாருங்கள் என்கிறார். காவிரிப் படுகையில் இப்போது சம்பா வயலில் நிற்கிறது. அறுவடைக்குத் தை வரவேண்டும். கதிர் இன்னும் முற்றவில்லையே என்று எவரும் பயிரைப் பிடுங்கிப் போடுவதில்லை.

2025 நவம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ, புனித ஜான் ஹென்றி நியூமனை மறைவல்லுநராக அறிவித்தார். புனித தாமஸ் அக்குவினாசோடு திருஅவையின் கல்விப்பணிக்கு அவரும் பாதுகாவலர். இந்த நியூமன் 1854-இல் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி நடத்தியவர். மாணவர்கள் போதிய அளவில் சேரவில்லை. பட்டம் வழங்க அரசின் அனுமதியும் கிடைக்கவில்லை. 1858-இல் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டே பர்மிங்காமில் சிறுவர்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். தோல்விக்குப் பின்னும் கற்பித்தலைக் கைவிடாத ஒருவரைத்தான் திருஅவை ஆசிரியர்களுக்குத் துணையாகத் தந்திருக்கிறது.

பெற்றோரே, இது உங்களுக்கும் உரியது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் நீங்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும் நாளில் முதலில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பிறகு அட்டையைப் பாருங்கள்.

ஆசிரியர்களே, கிறிஸ்து பிறப்பு விழாவரை ஒவ்வோர் இரவும் ஒரு மாணவரைப் பற்றி அன்று கண்டதையும் கேட்டதையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். பேசாத பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒருவன் பக்கத்துப் பையனுக்குப் பேனா கொடுத்திருக்கலாம். அந்த வரியைச் சொல்லி செபியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதராய்ப் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று இயேசு பாராட்டியது, யோவானின் சீடர்கள் திரும்பிச் சென்ற பிறகுதான். அந்தப் பாராட்டு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. உங்களைப் பற்றிய நல்ல சொல்லும் உங்கள் காதுக்கு எட்டாமல் போகலாம். ஆனால் ஆண்டவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வரவிருக்கும் ஆண்டவர், கற்பிக்கும் கைகளையெல்லாம் திடப்படுத்துவாராக. ஆமென்.