குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை

2024 செப்டம்பரில் குன்றக்குடி சண்முகநாதர் கோயில் யானை சுப்புலட்சுமி, தான் நின்றிருந்த கொட்டகையில் தீப்பிடித்ததில் படுகாயமடைந்து, சிகிச்சை பலனளிக்காமல் இறந்தது. அரியக்குடி, காரைக்குடி, கோட்டையூர் என்று சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கலங்கின. இப்படி ஒரு தீ இரவில் பிடித்தால், தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அங்கே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? மெயின் சுவிட்ச் எங்கே? முதல் போன் யாருக்கு? இவற்றுக்கு முன்கூட்டியே விடை தேடும் வேலைதான் பேரிடர் ஒத்திகை.

சட்டம் சொல்வது என்ன?

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு மறு ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்க வேண்டும். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி ஒருவர் அதன் இணைத் தலைவர். மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் சரிபார்த்துத் திருத்த வேண்டும். சட்டத்தின் 41-வது பிரிவு உள்ளாட்சிகளுக்கே நேரடியாகப் பொறுப்பு தருகிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், கருவிகள் எந்த நேரமும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். இவை நடந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒத்திகையைவிட நல்ல வழி இல்லை.

எப்படி நடக்கிறது?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முறைப்படி முதலில் எல்லாத் துறைகளும் கூடி, எந்த ஆபத்தை வைத்து ஒத்திகை, யாருக்கு என்ன பொறுப்பு என்று முடிவு செய்கின்றன. அடுத்தது மேசை ஒத்திகை. அதிகாரிகள் வரைபடத்தைச் சுற்றி உட்கார, ஒருவர் நிலைமையைச் சொல்லிக்கொண்டே போவார்: ‘இரவு 2 மணி. கண்மாய்க் கரையில் உடைப்பு. கரண்ட் இல்லை. வி.ஏ.ஓ.வின் போன் கிடைக்கவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள்?’ வருவாய்த் துறை, நீர்வளத் துறை, காவல்துறை, மின்வாரியம் எல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஜேசிபி யாரிடம் இருக்கிறது, மணல் மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் இங்கேதான் வெளிவரும்.

மூன்றாவதாகக் களத்தில் இறங்குகிறார்கள். சைரன் ஒலிக்கும், வண்டிகள் கிளம்பும், ‘காயம்பட்டவர்’களை 108-ல் ஏற்றுவார்கள். மீட்பில் சேராத பார்வையாளர்கள் நேரத்தையும் தடங்கல்களையும் குறித்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்து ஆய்வுக் கூட்டம். மறுநாள் பத்திரிகையில் வருவது களக்காட்சியின் படம்தான். ஆனால் ஊருக்கு உண்மையான பலன் அந்தக் கூட்டத்தில் எழுதப்படும் குறைப் பட்டியல்.

கடற்கரை கற்ற பாடம்

2004-ல் சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை தமிழகக் கரையைத் தொட்டது. நேரம் இருந்தும், சேதி சொல்ல வழி இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. எச்சரிக்கை கடைசிக் குப்பம்வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்க, இந்தியப் பெருங்கடல் நாடுகள் 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து கற்பனை நிலநடுக்கத்தை வைத்து ஒத்திகை நடத்துகின்றன. 2016 செப்டம்பரில் நடந்ததில் இந்தியாவில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறிப் பழகினார்கள். பெரும்பாலானோர் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள்.

எத்தனை பேர் பழகினால் போதும் என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. 2012 ஜூனில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காக நக்கனேரி என்ற சிற்றூரில் ஒத்திகை நடந்தபோது, ஒரே ஊரில் நடத்தினால் மற்ற ஊர்களுக்கு என்ன தெரியும் என்று அணுஉலை எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஒத்திகையே ஆபத்தாகிவிடக் கூடாது என்பதற்கும் நம்மிடம் கசப்பான சாட்சி இருக்கிறது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்ற பெயரில் மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட மாணவி இறந்துபோனார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆணையம் அறிவித்தது. பயிற்சி தருபவரின் தகுதியை எழுத்தில் பார்க்காமல், தீயணைப்புத் துறைக்குத் தெரியாமல் எந்தப் பள்ளியும் கல்லூரியும் ஒத்திகை நடத்தக் கூடாது.

அரியக்குடிக்கு எது தேவை?

இங்கே கடல் இல்லை, அணுஉலையும் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் கண்மாய்கள் இருக்கின்றன. தென்திருப்பதி என்று போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். பர்மாத் தேக்கு இழைத்த செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் புழக்கடையுமாக நீளுகின்றன. பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. சிலவற்றில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

எனவே இங்கே நடத்த வேண்டிய ஒத்திகைக்கு இந்த ஊரின் கேள்விகளே வேண்டும். அப்படி ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வண்டி எந்தத் தெருவுக்கு வர வேண்டும்? பூட்டிய வீட்டின் சாவி யாரிடம்? திருவிழாப் பந்தலுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நுழைய இடம் இருக்கிறதா? கரை உடைந்தால் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு நள்ளிரவில் யார் போய்ச் சொல்வது? நடக்க முடியாதவர்களைத் தூக்கிவர யார்? வேறு ஊருக்குத் தயாரித்த திட்டம் இதற்கெல்லாம் விடை தராது.

பட்டியல் மக்களுக்குத் தெரியட்டும்

ஒத்திகையை ஆட்சியர் வரும் நாளில் பகல் 11 மணிக்கு வைத்தால் எல்லாம் சரியாகவே நடக்கும். தேதியை மட்டும் சொல்லி, நேரத்தைச் சொல்லாமல் வைத்தால்தான் உண்மை தெரியும். பொதுமக்களும் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல் பங்கெடுக்க வேண்டும். தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்பது வீட்டில் சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஒத்திகையிலும் தெரிந்த குறைகள் என்ன, அவற்றை எந்தத் தேதிக்குள் யார் சரிசெய்வார்கள் என்பதை உள்ளாட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ‘ஒத்திகை வெற்றிகரமாக நடந்தது’ என்ற ஒற்றை வரிச் செய்தியால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அடுத்த மழைக்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கேட்காமல் விட்டால் தவறு நம்முடையதும்தான்.