உருண்டைக்குள் அடங்கும் உலகம்

வகுப்பறை மேசையில் நிற்கும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டையில் உலகம் சுமார் 4.25 கோடி மடங்கு சுருங்கியிருக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர், ஏறக்குறைய 425 கிலோமீட்டர். இந்த அளவில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 0.2 மில்லிமீட்டர்தான், இரண்டு தாள்களை அடுக்கிய தடிமன். அதனால்தான் மேடுபள்ளம் காட்டும் உருண்டைகளில் மலைகளைப் பல மடங்கு உயர்த்திக் காட்டுகிறார்கள். துருவங்களில் பூமி தட்டையாக இருப்பதும் இதில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே. ஆனால் சந்திரனை வைக்க ஒன்பது மீட்டர் தள்ளிப் போக வேண்டும், வகுப்பறையே போதாது!

அமெரிக்காவின் மேன் மாநிலத்தில், யார்மத் என்ற ஊரில் 1998-இல் அமைக்கப்பட்ட 'எர்த்தா' உருண்டையின் விட்டம் சுமார் 12.5 மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டர். பூமியைப் போலவே 23.5 பாகை சாய்ந்த அச்சில் மோட்டார் விசையால் அது சுழல்கிறது.